காப்போரைக் காப்பது யார்?

முதல் வெள்ளிதோறும் நோயாளர்களின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் பங்குகளில் நெடுங்கால வழக்கம். கட்டிலில் கிடக்கும் முதியவருக்காகச் செபிக்கிறோம்; நலம் விசாரிக்கிறோம்; ஆறுதல் சொல்லி விடைபெறுகிறோம். மெழுகுதிரியை ஏற்றி வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நிற்கும் மகளையோ மருமகளையோ நாம் அவ்வளவாக ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அப்படி நின்ற ஒரு மகள், நான் புறப்படும் வேளையில் கேட்டார்: "சாமி, நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து நாலு வருசம் ஆகுது. அது பாவமா?"

"பாவம் இல்லையம்மா" என்று எளிதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டது பாவத்தைப் பற்றி மட்டும் அன்று என்பது வழியில்தான் உறைத்தது. நான்கு ஆண்டுகளாக அவரால் ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே வர இயலவில்லை. அதனைப் பங்கில் எவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இத்தகைய வேதனையை ஒரு நாடே கேட்கும்படி எடுத்துரைத்த பெண்மணி ஒருவரின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி வெப்ஸ்டர். காங்கிரிகேஷனல் சபையில் திருநிலை பெற்ற போதகர். மதுரைச் சீமைக்கு 1834இல் அமெரிக்க மிஷன் பணியாளர்களை அனுப்பி வைத்ததும் பெரிதும் அதே சபை மரபினரே. 1954ஆம் ஆண்டில், தம் 31ஆம் வயதில், மேரி வெப்ஸ்டர் தம் சபைப் பணியைத் துறந்தார். நோயுற்ற முதிய பெற்றோரைப் பேண வேறு வழி இல்லாததே காரணம்.

அக்காலத்து இங்கிலாந்தில் அனைவருக்கும் இலவச மருத்துவம் 1948 முதல் நடைமுறையில் இருந்தது. ஆனால், மருத்துவமனைக்கு வெளியே இரவும் பகலும் நோயாளியைத் தூக்கி, கழுவி, ஊட்டி, உடனிருந்தவரை எந்தத் திட்டமும் அறிந்திருக்கவில்லை. மணமாகாத மகளே பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதனால் அவள் வேலையை இழந்தாள். வேலையோடு முதுமைக்கால ஓய்வூதியத்துக்கான சேமிப்பையும் இழந்தாள். பெற்றோர் இறந்தபின், அவர்களின் பெயரில் இருந்த வாடகை வீட்டையே இழந்தவர்களும் உண்டு.

மேரி வெப்ஸ்டர் 1963ஆம் ஆண்டில் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் போன்றோரின் வாழ்வை அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டவர்களின் வாழ்வோடு ஒப்பிட்டார். அவர் பெற்றோரை நேசிக்காதவர் அல்லர். அன்பு இருக்கிறது என்பதற்காகக் களைப்பு இல்லாமற் போய்விடுவதில்லை என்றே அவர் சொன்னார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் அவருக்கு எழுதினார்கள். தான் மட்டுமே இப்படித் துன்புறுவதாக ஒவ்வொருத்தியும் எண்ணியிருந்தாள். 1965இல், மணமாகாத பெண்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்குமான தேசியக் கழகம் பிறந்தது. சார்ந்து வாழும் உறவினரைப் பேணுவோருக்கு 1967இல் வரிச்சலுகை கிடைத்தது. 1969இல், 46ஆம் வயதில், மேரி வெப்ஸ்டர் இறந்தார்.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 1971இல் நோயாளிக்கு உதவித்தொகை வந்தது. 1976இல், நோயாளியைப் பேணுவதற்காக வேலையைத் துறந்தவருக்கே உதவித்தொகை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. ஆண்கள் பெறலாம், மணமாகாத பெண்கள் பெறலாம், மணமான பெண்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் வாதம். இந்த வாதம் நம் காதுகளுக்குப் புதியதா?

பணத்தால் மட்டும் தீராத தேவைகளும் உண்டு. தொலைக்காட்சியில் வந்த 'க்ராஸ்ரோட்ஸ்' என்ற தொடர்நாடகத்தில் விபத்தால் நடக்க இயலாமற்போன இளைஞன் ஒருவனின் கதை இடம்பெற்றது. அது தூண்டுகோலாக அமைய, நாடகத்தைத் தயாரித்த நிறுவனம் அளித்த 10,000 பவுண்டு நன்கொடையைக் கொண்டு, 1974இல் ரக்பி என்னும் ஊரில் ஒரு திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கு வந்து நோயாளியின் அருகில் இருப்பார். அந்நேரத்தில் வீட்டார் கடைக்குச் செல்லலாம், கோவிலுக்குச் செல்லலாம், வெறுமனே உறங்கவும் செய்யலாம். எளிய உதவிதான். ஆயினும் நாடெங்கும் பரவியது.

1981இல் ஜூடித் ஆலிவர் என்பவர் பேணுவோர் அனைவருக்குமான சங்கத்தை நிறுவினார். அவருடைய கணவர் உடல் ஊனமுற்றவர். மகள், மனைவி, கணவன், நண்பன் என்ற வேறுபாடின்றி, பேணுகிறவர் யாராயினும் அவர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அச்சங்கத்தின் நிலைப்பாடு. ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண், கடுமையாக நோயுற்ற தம் தாயைப் பேணுவதற்காக 1984இல் வேலையை விட்டார். உதவித்தொகை மறுக்கப்படவே வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய நீதிமன்றம் 1986 ஜூன் 24 அன்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு முந்தின நாளே அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டு, மணமான பெண்களுக்கும் உதவித்தொகை உண்டு என அறிவித்தது. இரு சங்கங்களும் 1988இல் ஒன்றாயின. பேணுகிறவரின் தேவைகளையும் தனியே கேட்டறிய வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இதைப் பற்றிக் கேட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 52 இலட்சம் பேர் ஊதியமின்றிப் பேணுவோராக இருந்தது தெரிய வந்தது. கேட்கும் வரை அவர்கள் எண்ணப்படவில்லை.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் முதிய பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்ல சட்டமே. ஆனால் கடமையை ஆற்றுகிறவர் களைத்துப்போனால் என்ன செய்வது என்ற கேள்வி அதன் நோக்கில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, ஊதியமின்றிப் பேணும் பெற்றோரையும் உறவினரையும் பெயரிட்டுக் குறிப்பிடுகிறது. மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பேணுவோருக்கான உதவித்தொகை பற்றியும் பேசுகிறது. தொடக்கம் நன்று. ஆயினும் சட்டம் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னரே அயலார் தட்டலாம் அல்லவா?

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சமாரியரைப் போற்றும் நாம் சாவடிப் பொறுப்பாளரை மறந்துவிடுகிறோம். சமாரியர் மறுநாள் பயணத்தைத் தொடர்ந்தார். காயமுற்றவரின் அருகில் இருந்து பார்த்தவர் சாவடிக்காரரே. அவரிடம் சமாரியர், "உம் அன்பு பெரிது" என்று புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. இரண்டு நாள் கூலியான இரு தெனாரியத்தைக் கையில் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். பேணுகிறவரின் செலவும் கணக்கில் வர வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ, நம் வீடுகளின் சாவடிக்காரர்களைத் தியாகிகள் என்று பாராட்டி, அப்பாராட்டாலேயே கணக்கை முடித்துவிடுகிறோம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். நிதி திரட்டவில்லை, குழு அமைக்கவில்லை. நம் தெருவில் யார் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். ஐந்து பெயர்கள் வந்தன. அவற்றுள் மூன்று எனக்கே தெரியாதவை. அந்த மகளின் வீட்டில் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் இருப்பதற்கு இரு பெண்கள் முன்வந்தார்கள். நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்போது தண்ணீர் கொடுப்பது என்பதை முந்தின நாளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஞாயிறன்று அவர் திருப்பலிக்கு வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். மறையுரையின்போது உறங்கிவிட்டார். எழுப்ப வேண்டாம் என்று அருகிலிருந்தவர்களுக்குக் கையால் சைகை காட்டினேன்.