உரோமையர் திருமுகமும் தமிழ் ஏகாரமும்

மனிதன் மீட்புப் பெறுவது சமயச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதாலா, நம்பிக்கையாலா என்னும் வினாவைப் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் எழுப்பினார். பதினாறாம் நூற்றாண்டில் அவ்வினா ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது. தமிழுக்கு அது இறையியல் வினாவாக மட்டுமன்றி இலக்கணச் சிக்கலாகவும் வந்து சேர்ந்தது.

1522-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட செருமானியப் புதிய ஏற்பாட்டில், உரோமையர் 3:28-இல், கிரேக்க மூலத்தில் இல்லாத ஒரு சொல் சேர்க்கப்பட்டது. 'மட்டுமே' எனப் பொருள்படும் 'அல்லைன்' என்பதே அது. எதிர்ப்பு எழவே, 1530-இல் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதிய திறந்த மடலில் லூத்தர் விடையளித்தார். இரண்டனுள் ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்குமிடத்து அச்சொல்லைச் சேர்த்துரைப்பது செருமானிய வழக்கு என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அது இறையியலார் வாதமன்று, மொழியியலார் வாதம்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். அவருக்குப் பின் பப்ரிசியசின் பெயர்ப்பைக் கடந்து, பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதலே சீர்திருத்தச் சபையாரிடையே நிலைபெற்றது. அதில் இவ்விடத்து 'மாத்திரம்' என்னும் சொல் இல்லை. யாக்கோபு 2:24-இலோ, கிரேக்கத்தில் 'மட்டும்' என்னும் சொல் இருப்பதால், 'மாத்திரம்' தவறாது வந்துள்ளது. எனவே, உரோமையரில் அது விடுபட்டது மூலத்திற்குக் காட்டிய நேர்மை எனலாம்.

ஆயினும் அங்கு நிற்கும் வடிவம் 'விசுவாசத்தினாலே' என்பதாகும். தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறும் பொருள்கள் ஐந்தனுள் பிரிநிலையும் ஒன்று. அவ்வாறு கொள்வோர்க்கு 'விசுவாசத்தினால் மட்டுமே' எனப் பொருள்படும். ஆனால் இத்திருப்புதலில் 'ஆலே' பல இடங்களில் வெறும் கருவிப்பொருளுருபாகவே வருகிறது. பேச்சு வழக்கிலும் அவ்வாறே. அங்ஙனமாயின் ஏகாரத்திற்குத் தனிப்பொருள் இல்லை. எனினும், அருகே 'இல்லாமல்' என்னும் மறுப்பு நிற்பதால் பிரிநிலைப் பொருளே வலுப்பெறுகிறது என்பது என் கருத்து. லூத்தர் தம் மொழிக்குக் கூறிய காரணம் தமிழுக்கும் பொருந்துவது வியப்பே.

'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தொடர் இதனினும் வியப்பானது. கடவுள் மனிதனை நீதிமான் என அறிவிக்கிறார் என்பது லூத்தரன் கொள்கை. அவனை உள்ளபடியே புதுப்பித்து நீதியுள்ளவனாக்குகிறார் என்று திரெந்துச் சங்கம் 1547-இல் வரையறுத்தது. 'ஆக்கு' என்னும் வினை பின்னதற்கே இயல்பாகப் பொருந்தும். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியமோ 'ஏற்புடையவர்' என்கிறது. அது கடவுள்முன் பெறும் நிலையைச் சுட்டுவதால் லூத்தரன் கொள்கைக்கு நெருங்கியது. சபை ஒருபுறமும் சொல் மறுபுறமுமாக நிற்கின்றன. இக்கோட்பாடு குறித்து லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்சுபர்க்கில் உடன்பாடு கண்டது 1999-இல்தான்.

இருவகைச் சொற்களும் அடுத்தடுத்து ஒலிக்கும் இடம் மும்பை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த தமிழருள் இரு சபையினரும் உளர். பழைய திருப்புதலில் 'விசுவாசம்' எனப்படுவது திருவிவிலியத்தில் 'நம்பிக்கை'. பழையதில் 'நம்பிக்கை' எனப்படுவது புதியதில் 'எதிர்நோக்கு'. ஆகவே ஒரே தெருவில் வாழும் இரு குடும்பத்தார் 'நம்பிக்கை' என்று கேட்டு வெவ்வேறு பொருள் கொள்ள இடமுண்டு.

சபைக்குப் புறத்தே உள்ளவர்க்கோ சிக்கல் வேறு. அவர் அறிந்த 'விசுவாசம்' எசமானிடம் ஊழியன் காட்டுவது. அது கட்டளைக்குக் கீழ்ப்படிதலின் மறுபெயர். 'நியாயப்பிரமாணத்தால் அன்று, விசுவாசத்தால்' என்னும்போது பவுல் எதிரெதிராக நிறுத்திய இரண்டும் அவர் செவியில் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. 'நம்பிக்கை' என்னும் சொல் அம்முரணை மீட்டுத் தருகிறது. 'விசுவாசி' என்பதுபோல் நாவில் பழகிய ஒரு பெயரை மட்டும் அதனால் இன்னும் தர இயலவில்லை.