மதிப்பெண் அட்டையும் மக்கள் விசாரணையும்

அரசின் வேலைக்கு மதிப்பெண் போடும் உரிமையை 1990-களின் முற்பாதியில் இரண்டு இடங்களில் மக்கள் கையில் எடுத்தார்கள். ஓரிடம் பெங்களூரு, மற்றது ராஜஸ்தான் கிராமங்கள்.

பெங்களூரில் இதைத் தொடங்கியவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முன்னாள் இயக்குநர் சாமுவேல் பால். குடிநீர், மின்சாரம், தொலைபேசி என ஒவ்வொரு துறை பற்றியும் மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. எத்தனை தடவை அலைந்தீர்கள், லஞ்சம் கொடுத்தீர்களா, வேலை முடிந்ததா என்று கேட்டு, 1994-இல் ‘குடிமக்கள் மதிப்பெண் அட்டை’ வெளியிட்டார்கள். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் திருப்தி என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். 1999-லும் 2003-லும் மறுபடி கேட்டார்கள். எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து 9 சதவீதமாக இருந்த திருப்தி 34, பிறகு 49 என ஏறியது.

ராஜஸ்தானில் இதில் இறங்கியது, தேவ்டூங்ரியை மையமாகக் கொண்டு 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டு வந்த அருணா ராய் அதை நிறுவியவர்களில் ஒருவர். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அரசுப் பணிகளில் வேலைக்கு வந்தோர் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படிப்பார்கள்: இன்னாருக்கு இத்தனை நாள் கூலி. பெயருக்குரியவர் எழுந்து, ‘அந்த வேலைக்கு நான் போகவே இல்லை’ என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே தணிக்கையாளர்தான்.

இரண்டுக்கும் பலம் வேறு, குறை வேறு. மதிப்பெண் அட்டைக்கு அரசின் அனுமதி தேவையில்லை. மக்களின் அனுபவமே சான்று. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். ஆனால் புள்ளியியல் தெரிந்தவர்களும் பணமும் வேண்டும். எந்தத் துறை மோசம் என்று அட்டை சொல்லும். பணம் யார் பைக்குப் போனது என்று சொல்லாது. மக்கள் விசாரணை அதைச் சொல்லிவிடும். ஆனால் அந்த ஊர்க் கணக்கை மட்டுமே சொல்லும். பதிவேட்டின் நகல் கையில் இல்லாவிட்டால் அதுவும் நடக்காது. அந்த நகலைக் கேட்டுத்தான் 1996-இல் ராஜஸ்தானின் பியாவரில் 40 நாள் தர்ணா. அந்தக் கோரிக்கை வளர்ந்து, 2005-இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது.

இப்படி மதிப்பிடும் திறனை மக்களிடம் வளர்க்க வேண்டும் என்றதும் தொண்டு நிறுவனங்கள் பயிற்சி வகுப்பில் தொடங்குகின்றன. கணக்கெடுப்பை நடத்தவும் அட்டவணை போடவும் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் ஒப்பந்தக்காரரும் ஊராட்சித் தலைவரும் எதிரே உட்கார்ந்திருக்க, நாளைக்கும் அவர்களிடமே வேலை கேட்கவேண்டிய கூலிப்பெண் எழுந்து பேச, பின்னால் ஓர் அமைப்பு நிற்கவேண்டும். பெங்களூரு முறையைப் பயிற்சியால் பரப்பலாம்; ராஜஸ்தான் முறைக்கு ஊரோடு வாழும் சங்கம் வேண்டும். நிதி கேட்கும் விண்ணப்பங்களில் முதலாவதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. இரண்டாவதற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.