தங்கவயலில் தங்கிய வீடுகள்

கோலார் தங்கவயல் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது பொன்னும் பாதாளமும்தாம். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் அங்கு எடுக்கப்பட்டது என்பதும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது என்பதும் வியந்து சொல்லப்படும் செய்திகள். ஆனால் அவ்வூரில் பிறந்து வளர்ந்த குடும்பத்தாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பொன்னைப் பற்றிச் சிறிதே சொல்வார்கள். தாம் வளர்ந்த வீட்டைப் பற்றித் தொடங்கினாலோ பேச்சு எளிதில் முடியாது. இத்தனைக்கும் அவற்றுள் பெரும்பாலானவை அவர்களுக்குச் சொந்தமாய் இருந்த வீடுகள் அல்ல.

மாரிக்குப்பம், உரிகம் ஆகிய சிற்றூர்களின் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதை 1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி கண்டு எழுதி வைத்தார். 1870களில் லவெல் என்பார் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் காலடி வைத்த பிறகுதான் அந்த வறண்ட மேட்டு நிலம் ஒரு நகரமாக உருவெடுக்கத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் மிகப் பலர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் தமிழர்கள்; அவர்களுள்ளும் பெருந்தொகையினர் தாழ்த்தப்பட்ட மக்கள். 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய பஞ்சத்தின் நினைவு அவர்களை விட்டு நீங்காத காலம் அது. ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை. பாதாளத்தில் இறங்கினால் கூலியாவது நிச்சயம் என்று புறப்பட்டு வந்தார்கள்.

கம்பெனி நகரத்தில் ஒருவரது தகுதியை அவர் குடியிருக்கும் வீடே சொல்லிவிடும். மேட்டில் பங்களாக்கள், அகன்ற தாழ்வாரம், கணப்பு அடுப்பு, ரோஜாத் தோட்டம், பணியாளர்க்குப் பின்கட்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளரும் பொறியாளரும் அவற்றில் குடியேறினர். மன்றமும் கால்ஃப் திடலும் தேவாலயமும் அமைந்தன. குளிர்ந்த காற்று வீசும் அவ்விடத்தைக் 'குட்டி இங்கிலாந்து' என்றே அவர்கள் அழைத்தனர். அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகள். அனைத்துக்கும் கீழே தொழிலாளரின் 'லைன்'கள்.

லைன் வீட்டின் தொடக்க வடிவம் தட்டி வீடு. மூங்கில் தட்டியே சுவர், மூங்கில் தட்டியே தடுப்பு. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவம். பிற்காலத்தில் கல்லும் செங்கல்லும் கொண்டு வரிசை வரிசையாகக் கட்டினார்கள். ஆயினும் ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் மாறவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டுத் தாய் விழித்துக்கொள்வாள். இதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. பேரின்பமாக நினைவுகூர்வோரும் உண்டு. இருவர் சொல்வதும் மெய்யே.

சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து பிறந்த மின்சாரம் 1902ஆம் ஆண்டு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. இந்திய மின்சார வரலாற்றில் அது பெருமைக்குரிய ஆண்டு. ஆனால் அந்த மின்சாரம் முதலில் போனது சுரங்கத்து யந்திரங்களுக்கு. லைன் வீடுகள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கோடுதான் இருந்தன. பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு அது தெருக்குழாய் வரைதான் வந்தது. குடங்களின் வரிசையும் அங்கே மூண்ட சண்டைகளும், அச்சண்டைகளுக்கிடையே பேசி முடித்த திருமணங்களும் அந்நாளைய பெண்களின் நினைவில் பசுமையாக உள்ளன.

ஒரு செய்தியைப் பழைய நினைவுகளில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். லைன்களின் பொதுக் கழிப்பிடங்கள் உலர் கழிப்பிடங்கள். மனிதர் கையால் அள்ளிச் சுமந்தனர். அப்பணி செய்த பெற்றோருக்கு 1966இல் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். தம் ஊரின் கழிப்பிடங்களைக் கண்டு மனம் கொதித்துத் தொடங்கிய அவருடைய போராட்டம் நாடு தழுவிய இயக்கமாயிற்று. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ரோஜாத் தோட்டங்களை நினைவுகூரும் கட்டுரைகளில் இந்த வாளியும் இடம்பெற்றால்தான் அவ்வூரின் வரலாறு நேர்மையாக இருக்கும் என்பது என் கருத்து.

வீடு கம்பெனியுடையது என்பதன் பொருளைச் சட்டம் நன்கு உணர்த்தியது. கணக்குக் காட்ட இயலாத தங்கக் கல் ஒருவன் வீட்டில் அகப்பட்டால், தான் திருடவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவன் அவனே. காவலர்கள் எந்நேரமும் புகுந்து அடுப்புச் சாம்பலையும் கிளறலாம். வேலை போனால் வீடும் போகும். 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி ஆணையிட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்று வாரப் போராட்டத்தின்பின் கம்பெனி பணிந்தது. கதவைத் தாளிடும் உரிமைகூட இல்லாத மக்கள் தம் விரலையாவது தமக்கென்று வைத்துக்கொள்ள விரும்பினார்கள்போலும்.

அந்த ஒற்றை அறைகளில் படிப்பு நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து ஆண்டுகள் கழித்து, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கம் ஏறி வந்து, குளித்து, மண்ணெண்ணெய் விளக்கருகே ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் சபைகள் பல லைன்களில் கூடின. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நம் சமுதாயத்தாரும் வணிகம் செய்து வாழ்ந்தனர். சம்பள நாளில்தான் அவர்கள் கடையும் களை கட்டும். சுரங்கத்துச் சங்கு அவர்களுக்கும் கடிகாரம்.

அந்தச் சங்கு முறைப்படி ஒலித்தால் அமைதி. நேரமல்லாத நேரத்தில் ஒலித்தால் ஊரே குலைநடுங்கும். ஆழத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடிக்கும்போது மேலே வீடுகள் அதிரும். பரணிலிருந்து பாத்திரங்கள் உருளும். நிலநடுக்கம் வந்தால் மற்ற ஊர்ப் பெண்கள் வெளியே ஓடித் திறந்த வெளியில் நிற்பார்கள். தங்கவயல் பெண்களோ நேரே ஷாஃப்டை நோக்கி ஓடினார்கள். கூண்டு மேலே வரும்வரை அங்கேயே நின்றார்கள். உயிரோடு ஏறி வந்தவனையும் கல்தூசு விடவில்லை. நுரையீரலை அரித்த சிலிகோசிஸ் நோயோடு திண்ணையில் அமர்ந்து இருமும் தந்தையின் உருவம் இல்லாத நினைவுக் குறிப்பு அவ்வூரில் அரிது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. துரைமாரின் பங்களாக்களில் இந்திய அதிகாரிகள் குடிபுகுந்தனர். லைன் மக்களின் பிள்ளைகளில் சிலர் பட்டம் பெற்றார்கள். தங்கம் குறைந்தது, செலவு மிகுந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

வேலை போனால் வீடும் போகும் என்ற பழைய விதிப்படி பார்த்தால் அன்றே ஊர் காலியாகியிருக்க வேண்டும். மக்கள் போகவில்லை. நான்கு தலைமுறையாகக் கூரை மாற்றி, சுவர் பூசி, வாசலில் முருங்கை வைத்து வாழ்ந்த இடம் அது. அவர்கள் பாட்டனாரின் ஊர்களில் அவர்களுக்கென்று காத்திருந்தது ஏதுமில்லை. நிறுவனம் கலைப்பு, விற்பனை, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அத்தனை ஆண்டுகளும் தம் வீடு தம் பெயருக்கு வருமா என்ற கேள்வியோடு அக்குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன.

பங்களாக்களில் பல கதவும் சன்னலும் இழந்து நின்றன. இலண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய பழைய குடும்பத்தார் எப்போதாவது வந்து அவற்றைப் படமெடுத்துப் போனார்கள். லைன் பிள்ளைகளோ விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் அதே ஒற்றை அறைகளுக்குத் திரும்பினார்கள். ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் வெண்துகள் பறந்து அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் படிந்தது. அந்த மேடுகளுக்குள் இன்னும் பொன் இருக்கிறதாம். 13 மேடுகளில் மீண்டும் அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மேடுகளில் எத்தனை கோடி டன் மண் உள்ளது என்பதற்குக் கணக்கு எடுத்தாயிற்று.