ஐஸ்லாந்து இளைஞர்களும் மதுவும்

பள்ளி வயதுப் பிள்ளைகள் மது அருந்துவது பல நாடுகளைக் கவலைப்பட வைக்கும் பிரச்சினை. இதைத் தடுக்கக் கடுமையான சட்டம் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதற்கு ஐஸ்லாந்து நாட்டின் வரலாறு நல்ல உதாரணம்.

அங்கு 1908ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1915 முதல் முழு மதுவிலக்கு கொண்டு வரப்பட்டது. ஆனால் ஐஸ்லாந்தின் உப்பு மீனை வாங்கி வந்த ஸ்பெயின், தன் திராட்சை மதுவை அனுமதிக்காவிட்டால் மீன் வாங்க முடியாது என்றது. அதனால் 1922ல் திராட்சை மது அனுமதிக்கப்பட்டது. 1935ல் மற்ற வலுவான மது வகைகளும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அவற்றைவிட வலுக் குறைந்த பீருக்கு மட்டும் தடை நீடித்தது. பீர் மலிவானது, எல்லோரும் குடிக்கப் பழகிவிடுவார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1989 மார்ச் 1 அன்றுதான் அந்தத் தடை நீங்கியது.

இத்தனை கட்டுப்பாடுகள் கண்ட நாட்டில், 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற சட்டமும் இருந்தது. ஆனாலும் 1990களில் வெள்ளிக்கிழமை இரவுகளில் தலைநகர் ரெய்க்யவிக்கின் தெருக்களில் போதையில் திரியும் சிறுவர் கூட்டத்தைப் பார்த்துப் பெரியவர்களே நடக்க அஞ்சினர். 1998ல் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகக் கூறினர்.

1992 முதல் பள்ளிகளில் நடத்தப்பட்ட கணக்கெடுப்புகள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டின. பெற்றோருடன் அதிக நேரம் இருப்பவர்கள், வாரத்தில் பல நாள் பயிற்சியாளரிடம் விளையாட்டோ இசையோ கற்பவர்கள், இரவில் வெகுநேரம் வெளியே சுற்றாதவர்கள் ஆகியோரிடம் குடிப்பழக்கம் குறைவாக இருந்தது. "மது கெடுதல்" என்ற பாடத்தைவிடப் பிள்ளையின் மாலைப் பொழுது எப்படிக் கழிகிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது.

எனவே விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்கு அரசும் நகராட்சிகளும் பணம் ஒதுக்கின. ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளையின் பயிற்சிக் கட்டணத்துக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை தரும் திட்டம் வந்தது. 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் தனியே வெளியே இருக்கக் கூடாது என்ற விதியைக் காக்கப் பெற்றோரே குழுவாகத் தெருக்களில் நடந்தனர். பெரியவர் கண்காணிப்பு இல்லாத விருந்துகளைத் தம் பிள்ளைகள் நடத்த அனுமதிப்பதில்லை என்று உடன்படிக்கையில் கையெழுத்தும் இட்டனர்.

1998ல் 42 ஆக இருந்த சதவீதம் 2016ல் 5 ஆகக் குறைந்தது. தினமும் புகைப்பவர்களும் 23லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தனர். இதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளைஞர் குடிப்பழக்கம் குறைந்தது உண்மையே. எனவே முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று கூறிவிட முடியாது. ஆனால் ஐஸ்லாந்து அளவுக்கு வேகமாகக் குறைந்த நாடுகள் மிகச் சில.

வயது வரம்புச் சட்டம் 1998லும் இருந்தது, 2016லும் இருந்தது. இடையில் மாறியது பிள்ளைகளின் மாலை நேரமும், அதில் பெற்றோருக்கு இருந்த இடமும்தான். பிள்ளைகளிடம் "குடிக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் செய்ய வேறொன்றையும் கொடுக்க வேண்டும்.