டைவிங் போறீங்களா? பவளப்பாறையைக் காப்பாற்றுவது யார், உங்க பணம் யாருக்குப் போகுது?

அந்தமான், மாலத்தீவு, பாலி என்று எங்கே டூர் போனாலும் இப்போது பேக்கேஜில் ஸ்கூபா டைவிங்கும் சேர்ந்துவிட்டது. நீச்சல் தெரியாதவர்கள்கூட பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பவளப்பாறைகளுக்கு நடுவில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பவளப்பாறை இருக்கும் கரையோரத்தில் பெரும்பாலும் ஒரு மீனவர் கிராமம் இருக்கும். நீங்கள் மீன்களைப் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால், அவர்கள் அந்த இடத்தில் வலை வீசாமல் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

டைவிங் சுற்றுலா பவளப்பாறையைக் காப்பாற்றுமா, அழிக்குமா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. இதை 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து பார்த்த ஓர் ஊர் உண்டு. பிலிப்பைன்ஸில் இருக்கும் ஆப்போ தீவு.

பவளப்பாறை வெறும் கல் இல்லை

முதலில் ஒரு சின்ன அறிமுகம். பவளம் என்பது ஒரு உயிரினம். கோடிக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் சேர்ந்து வாழ்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கின்றன. அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இப்படியே வளர்வதுதான் பாறை. உருண்டையான பெரிய பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அதாவது, உங்கள் துடுப்புக்காலணி பட்டு ஒரு நொடியில் உடைவது, ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்துக்கு வளர்ந்ததாக இருக்கலாம்.

மீன்கள் ஒளிந்துகொள்ளவும், சாப்பிடவும், குஞ்சு வளர்க்கவும் இந்த இடுக்குகள்தான் வீடு. வீடு போனால் மீனும் போய்விடும்.

14 குடும்பங்கள் எடுத்த முடிவு

ஆப்போ, நீக்ரோஸ் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டித் தீவு. ஒரு சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. சுமார் ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். 1970-களில் அந்தப் பகுதிக் கடல் மோசமாகிக்கொண்டிருந்தது. வெடி வைத்து மீன் பிடித்தார்கள். சயனைடைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீனை மயங்கவைத்துப் பிடித்தார்கள். 'முரோ-ஆமி' என்று ஒரு முறை. கயிற்றில் கல்லைக் கட்டிப் பாறையில் இடித்து, பயந்து ஓடும் மீன்களை வலைக்குள் விரட்டுவார்கள். எல்லாவற்றிலும் அடி வாங்கியது பவளம்தான். மீன் குறைந்தது. மீனவர்கள் வெகு தூரம் துடுப்புப் போட்டுப் போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் சிலிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் அவர் குழுவினரும் தீவுக்கு வந்தார்கள். 'பாறையின் ஒரு பகுதியை மட்டும் தொடாமல் விடுங்கள். அங்கே மீன் பெருகினால் வெளியே வரும், அதை நீங்கள் பிடிக்கலாம்' என்று சொன்னார்கள். யாருமே உடனே தலையாட்டவில்லை. இருக்கும் கடலில் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டால் நாளைக்குச் சோற்றுக்கு என்ன செய்வது? நியாயமான பயம்தானே! பேச்சு மூன்று ஆண்டுகள் நடந்தது. மீனவர்கள் சிலரைப் பக்கத்தில் இருந்த சுமிலோன் தீவுக்கு அழைத்துப்போய், 1974 முதல் பாதுகாக்கப்பட்டிருந்த பாறையில் மீன்கள் எப்படி இருக்கின்றன என்று நேரில் காட்டினார்கள்.

கடைசியில் 1982-ல் 14 குடும்பங்கள் மட்டும் முன்வந்தன. கரையோரமாக சுமார் 450 மீட்டர் நீளத்துக்கு, 'இங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது' என்று எல்லை போட்டார்கள். காவலும் அவர்களேதான். சில ஆண்டுகளில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது, மெதுவாக. ஆப்போ மீனவர்களின் வலையிலும் தூண்டிலிலும் அதிகம் விழுவது பாரை மீன்களும் சர்ஜன் மீன்களும். காவல் இருந்த பகுதியில் இந்த இரண்டு வகை மீன்களின் மொத்த எடை 1983-க்கும் 2001-க்கும் இடையே மூன்று மடங்கானது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன் பிடிக்கும் பகுதியில் கிடைத்த அளவும் குறையவில்லை, கூடியது. முன்பைவிடக் குறைந்த நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வந்தது.

சுமிலோன் கதை இதற்கு நேர் எதிர். அங்கே நிரந்தரக் குடியிருப்பு இல்லை. 1984-ல் உள்ளூர் அரசியல் மாறியதும் காவல் உடைந்தது. பாதுகாத்து வைத்த பகுதியிலும் எல்லோரும் மீன் பிடித்தார்கள். 'அப்படியானால் மீன் அதிகமாகத்தானே கிடைத்திருக்கும்?' என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே மொத்த மீன்பிடி பாதிக்கும் கீழே போய்விட்டது. இரண்டு தீவுக்கும் ஒரே விஞ்ஞானிதான், ஒரே யோசனைதான். ஆனால் ஆப்போவில் அந்த எல்லைக்கோட்டை 'நம்முடையது' என்று சொல்ல ஊர் மக்கள் இருந்தார்கள்.

டைவர்கள் வந்தார்கள், காசும் வந்தது

மீன் பெருகிய செய்தி பரவியதும் ஆப்போவுக்கு டைவர்கள் வரத் தொடங்கினார்கள். பச்சை ஆமைகளைப் பார்க்க ஸ்நார்க்கெலிங் கூட்டமும் வந்தது. படகு ஓட்டுவது, வழிகாட்டுவது, சமையல், தங்கும் இடம், டி-ஷர்ட் விற்பது என்று மீன்பிடிக்கு வெளியேயும் வேலை கிடைத்தது. தீவுக்குள் வரக் கட்டணம், டைவ் செய்யத் தனிக் கட்டணம்.

சிக்கலும் வந்தது. 1994-ல் ஆப்போவைத் தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அப்போது அந்நாட்டின் சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தவர் அதே அல்காலா. அதன் பிறகு நிர்வாகம் ஊரின் கையிலிருந்து அரசு வாரியத்தின் கைக்குப் போனது. சட்டப்படி கட்டண வருமானத்தில் 75 சதவிகிதம் அந்தப் பகுதிக்கு, 25 சதவிகிதம் பொது நிதிக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் தலைநகர் கஜானாவுக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். வருவதற்குள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பு. 'நாங்க உருவாக்கினதுக்கு நாங்களே மனு போட்டுக் காத்திருக்கணுமா?' என்பதுதான் தீவு மக்களின் ஆதங்கம். 2013-ல்தான் அந்த 75 சதவிகிதத்தை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது.

காவலால் தடுக்க முடியாதவை

2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வந்த புயல்கள், ஆப்போவின் காவல் பகுதியில் இருந்த பவளங்களை உடைத்துப் போட்டுவிட்டன. பாறை தேறுவதற்காக அந்தப் பகுதியை டைவர்களுக்கு மூடிவிட்டார்கள். வருமானம் தரும் இடத்தையே மூட ஒப்புக்கொள்வது லேசான காரியம் இல்லை.

கடல் நீர் சூடாவது அதைவிடப் பெரிய ஆபத்து. சூடு தாங்காத பவளம், தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். இதை எந்தக் கிராமமும் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் வெடி, நங்கூரம், சாக்கடை, கூட்டம் போன்ற மற்ற தொல்லைகள் இல்லாத பாறைக்கு மீண்டு வரும் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

புக் பண்ணும் முன்பு டைவ் சென்டரில் இதையெல்லாம் கேளுங்க:

* வேலை செய்பவர்கள் யார்? படகுக்காரர், வழிகாட்டி, பயிற்சியாளர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூட்டை தூக்க மட்டும் உள்ளூர் ஆள் என்றால் யோசியுங்கள்.
* கட்டணம் எங்கே போகிறது? பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்கினால் ரசீது கேளுங்கள். ரசீது தருகிற இடத்தில் பேரம் பேசாதீர்கள்.
* படகை எப்படி நிறுத்துகிறார்கள்? நிரந்தர மிதவையில் கட்ட வேண்டும். பாறை மேல் நங்கூரம் போடுகிற படகு வேண்டாம்.
* ஒரு வழிகாட்டியுடன் எத்தனை பேர்? புதியவர்கள் என்றால் கூட்டம் குறைவாக இருப்பது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.
* 'கிரீன் ஃபின்ஸ்' உறுப்பினரா? ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் முயற்சியில் 2004-ல் தொடங்கிய திட்டம் இது. சேரும் டைவ் சென்டர்கள் நடத்தை விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கிய பிறகு:

* எதையும் தொடாதீர்கள், எதன் மீதும் நிற்காதீர்கள். உடம்பை மிதக்கவைக்கும் பயிற்சியை மணல் தரை உள்ள இடத்தில் முடித்துவிட்டுப் பாறைப் பக்கம் போங்கள்.
* துடுப்புக்காலால் மணலைக் கிளப்பாதீர்கள். அந்த மணல் பவளத்தின் மீது படிந்து மூச்சு முட்டவைக்கும்.
* மீனுக்கு ரொட்டி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆமையைத் துரத்தி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். அது மூச்சு வாங்க மேலே வர வேண்டும், வழி விடுங்கள்.
* சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் உடை நல்லது.
* நினைவுப்பொருளாகப் பவளம் வாங்காதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையில் விற்றாலும் குற்றம்தான்.

கூட ஆயிரம் ரூபாய் ஆனாலும், உள்ளூர் மக்கள் நடத்தும் படகில் போய், அவர்கள் நடத்தும் விடுதியில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு வாருங்கள். வலை வீசாமல் விட்ட இடத்துக்கு அவர்களுக்குக் கிடைக்கும் கூலி அதுதான். அது ஒழுங்காகக் கிடைக்கும்வரை, அந்தப் பாறைக்கு ராத்திரியிலும் ஒரு காவல்காரர் இருப்பார்.