லாகீசின் பக்கமிருந்து: எசேக்கியாவின் நம்பிக்கையும் கி.மு. 701ம்

இரண்டாம் ராஜாக்கள் புத்தகம், 18ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். எசேக்கியா பட்டத்துக்கு வந்த பதினாலாவது வருஷம் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்து யூதாவின் கோட்டைப் பட்டணங்களை எல்லாம் பிடித்துக்கொண்டான் என்கிறது அது. ஒரே வாக்கியம். அதற்கப்புறம் இரண்டு அதிகாரத்துக்கு எருசலேம்தான் பேச்சு. மதிலுக்கு வெளியே பேரரசின் படை நிற்கிறது. ராஜா சாக்கு உடுத்திக்கொண்டு, எதிரி அனுப்பிய கடிதத்தை ஆலயத்துக்குள் எடுத்துப்போய்க் கடவுள் முன்னால் விரித்து வைக்கிறான். அன்று ராத்திரி ஒரு தூதன் வந்து 1,85,000 பேரைக் கொன்றுபோடுகிறான். விடிந்து பார்த்தால் பாளையம் முழுக்கப் பிணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பேர் கேட்ட கதைதான். பலமில்லாதவன் பலசாலிக்கு எதிரே கடவுளை மட்டும் நம்பி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு எபிரேய வேதம் வைத்திருக்கும் பெரிய சாட்சி இது. எனக்கோ அந்த 13ஆம் வசனத்தின் மேலேதான் கண் நிற்கிறது. பிடிபட்ட அந்தப் பட்டணங்களில் இருந்த சனங்கள் யாரை நம்பினார்கள்? அவர்களும் அதே கடவுளைக் கும்பிட்டவர்கள்தானே? அவர்களுக்கு ஏன் தூதன் வரவில்லை? பிரதி இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இல்லை, ஒரு இடத்தில் கேட்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் அரசியலைப் பார்த்துவிடலாம். கி.மு. 705இல் அசீரியாவின் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் செத்தான். பேரரசன் செத்தால் கப்பம் கட்டுகிறவர்களுக்குத் தைரியம் வரும். எசேக்கியா கப்பத்தை நிறுத்தினான். வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யம் ஏறத்தாழ இருபது வருஷத்துக்கு முன்னால்தான் அசீரியாவிடம் அழிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு இது. அவன் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு செபம் பண்ணிக்கொண்டிருந்த அப்பாவி இல்லை. அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்த எக்ரோன் ராஜா பாதியை அவனுடைய சனங்களே விலங்கு மாட்டிக்கொண்டுவந்து கொடுக்க, எருசலேமில் சிறை வைத்திருந்தான் (சனகெரிப்பின் ஆவணம் இதைச் சொல்கிறது, பைபிள் சொல்லவில்லை). எகிப்தோடு பேச்சுவார்த்தை நடந்தது. ராஜாவுக்குரியது என்று முத்திரை குத்திய சாடிகள் யூதா முழுக்கக் கிடைத்திருக்கின்றன. லாகீசில் மட்டும் நூற்றுக்கணக்கில். யுத்தத்துக்கான எண்ணெயும் திராட்சரசமும் எந்த மண்ணிலிருந்து திரட்டப்பட்டன என்று யோசித்துக்கொள்ளலாம்.

எருசலேமுக்குள்ளும் வேலை நடந்தது. நகரத்தின் மேற்கே ஏழு மீட்டர் அகலத்துக்கு ஒரு மதில். 1970களில் நஹ்மன் அவிகாட் தோண்டியபோது, அந்த மதில் வீடுகளின் மேலேயே ஏறி நிற்பது தெரிந்தது. மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்களே என்று ஏசாயா 22இல் வரும் வசவுக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. அடுத்து சுரங்கம். கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் குடைந்துகொண்டே வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் உள்ளே ஒரு கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது; இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைசி மூன்று முழம் பாக்கி இருக்கும்போது அந்தப் பக்கத்து ஆளின் குரல் இந்தப் பக்கம் கேட்டதையும், கோடாலியோடு கோடாலி மோதியதையும், தண்ணீர் பாய்ந்ததையும் அது சொல்கிறது. அதில் எந்த ராஜாவின் பேரும் இல்லை. கடவுளின் பேரும் இல்லை. அந்தக் காலத்து ராஜ்யம் ஒன்றின் பெரிய கட்டுமானத்தைப் பற்றிய எழுத்தில் இது எவ்வளவு அபூர்வம்! இந்த மொத்த விவகாரத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பிரதி இந்த ஆறு வரிதான்.

ஏசாயாவுக்கு இந்த வேலையெல்லாம் பிடிக்கவில்லை. குளம் வெட்டினீர்கள், மதில் கட்டினீர்கள், இதையெல்லாம் செய்தவரை ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்கிறான். எகிப்தின் குதிரைகளை நம்பிப் போகிறவர்களுக்கு ஐயோ என்கிறான். அமைதியும் நம்பிக்கையுமே உங்கள் பலம் என்கிறான். இங்கே எபிரேயச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நம்முடைய தமிழ் வேதத்தில் 'நம்பு' என்று வருகிற இடத்தில் மூலத்தில் 'பாத்தாஹ்' என்ற வேர் நிற்கிறது. சாய்ந்துகொள்வது, பாதுகாப்பாக உணர்வது, அந்த உணர்வினால் அசந்திருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். நியாயாதிபதிகள் 18இல் லாயீஸ் என்ற ஊரின் சனங்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. யாருக்கும் தீங்கு செய்யாமல், அமைதியாகவும் நம்பிக்கையாகவும் இருந்தவர்கள். தாண் கோத்திரத்தார் போய் அவர்களை வெட்டிப்போட்டு ஊரைக் கொளுத்தினார்கள். அங்கே வரும் அமைதியும் நம்பிக்கையும் ஏசாயா சொல்லும் அதே இரண்டு வேர்கள்தான். வேதமே ஒரு சொல்லை இரண்டு பக்கமும் கூராக வைத்திருக்கிறது.

கி.மு. 701. சனகெரிப் வந்தான். அவனுடைய ஆவணம் களிமண் பட்டகங்களில் இருக்கிறது. 1830இல் நினிவேயில் கிடைத்த ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. 46 கோட்டைப் பட்டணங்களையும் சுற்றியிருந்த சிற்றூர்களையும் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்து கொள்ளைப்பொருளாக எண்ணியதாகவும், எசேக்கியாவைக் கூண்டுக்குள் பறவை மாதிரி எருசலேமில் அடைத்ததாகவும் சொல்கிறான். அந்த 2,00,150ஐ ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை. ராஜாக்களின் கணக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புத்திதான். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் சொல்லவில்லை. பெருமை பேசத் தயங்காத ஒருவன் அதைச் சொல்லாமல் விட்டதால் நகரம் விழவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் எப்படித் தப்பியது? பைபிளுக்குள்ளேயே பதில் உண்டு. 13ஆம் வசனத்துக்கு அடுத்த மூன்று வசனங்கள்: எசேக்கியா லாகீசுக்கு ஆள் அனுப்பித் தப்பு செய்துவிட்டேன், போய்விடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறான். முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து தங்கம். ஒரு தாலந்து சுமார் 30 கிலோ. ஆலயக் கதவுகளில் தானே அடித்திருந்த தகட்டையெல்லாம் உரித்துக் கொடுக்கிறான். சனகெரிப்பின் பட்டியலிலும் தங்கம் முப்பதுதான், வெள்ளி எண்ணூறு. கூடவே எசேக்கியாவின் மகள்கள், அந்தப்புரத்துப் பெண்கள், பாடகர்கள், பாடகிகள் நினிவேக்கு அனுப்பப்பட்டார்கள் என்று இருக்கிறது. அந்த மகள்களைப் பற்றி வேதத்தில் ஒரு சொல் இல்லை. கப்பம் கட்டிய அந்த மூன்று வசனங்களும் இதே கதையைத் திரும்பச் சொல்லும் ஏசாயா 36இல் காணோம். பின்னால் எழுதப்பட்ட நாளாகமத்திலும் காணோம். பெர்ன்ஹார்ட் ஷ்டாட 1886இலேயே பிரித்துக் காட்டினார்: கப்பம் கட்டியது ஒரு மூலம்; அதற்குப் பின் வருவது ஒன்றோடொன்று பின்னிய இரண்டு கதை. ஒன்றில் சனகெரிப் ஒரு செய்தி கேட்டுத் திரும்பிப் போகிறான், இன்னொன்றில் தூதன் வருகிறான். ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்ட கதையில் எலிகள் வந்து அசீரியர்களின் வில்நாணைக் கடித்துப்போடுகின்றன. சனகெரிப்பை அவன் மகன்களே கொன்றது உண்மை. வேதத்தில் அது அடுத்த மூச்சில் வருகிறது, நடந்ததோ இருபது வருஷம் கழித்துக் கி.மு. 681இல்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆக அற்புதம் ஒன்றும் இல்லை, காசு கொடுத்துத் தப்பினான் என்று கைதட்டிவிட்டுப் போவது சுலபம். அந்தப் பகுத்தறிவு எனக்குப் போதவில்லை. ஏனென்றால் நடுவில் ரப்சாக்கேயின் பேச்சு இருக்கிறது.

ரப்சாக்கே என்பது ஆளின் பேர் இல்லை, பதவியின் பேர். வண்ணார் துறைப் பாதையில், மேல்குளத்து வாய்க்கால் பக்கத்தில் நின்று அவன் பேசுகிறான். பேச்சு முழுக்க அந்த 'பாத்தாஹ்' திரும்பத் திரும்ப வருகிறது: எதை நம்பி என்னோடு மோதுகிறாய்? எகிப்தையா? அது நெரிந்த நாணல், ஊன்றினால் கையைக் குத்தும். கடவுளையா? அவருடைய மேடைகளைத்தானே உங்கள் எசேக்கியா இடித்தான்? ரெண்டாயிரம் குதிரை நான் தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா? அப்புறம் உச்சமாக ஒன்று சொல்கிறான்: உங்கள் கடவுள்தான் என்னை அனுப்பினார். ஒடுக்க வருகிறவன் ஒடுக்கப்படுகிறவனின் கடவுளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது எவ்வளவு பழைய தந்திரம் பாருங்கள். எசேக்கியாவின் அதிகாரிகள் பதறுகிறார்கள். அரமேய மொழியில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கிறவர்கள் கேட்கும்படி யூத பாஷையில் பேசாதீர்கள் என்கிறார்கள். அரமேயம் ராஜதந்திரிகளின் மொழி. அவன் மறுத்து, குரலை இன்னும் உயர்த்தி, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் சனங்களிடமே பேசுகிறான். உங்களோடு சேர்ந்து தங்கள் மலத்தைத் தின்று மூத்திரத்தைக் குடிக்கப்போகிறவர்கள் இவர்கள்தானே என்கிறான். சரணடைந்தால் அவனவன் திராட்சையையும் அத்தியையும் தின்னலாம், பிறகு இதேபோன்ற ஒரு தேசத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். நாடுகடத்தலுக்கு இவ்வளவு இனிப்பு தடவமுடியுமா என்று தோன்றும்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை என்பதுதான் இதிலுள்ள பயங்கரம். எகிப்து உதவாது என்பதை ஏசாயாவும் சொன்னான். முற்றுகையில் முதலில் பட்டினி கிடப்பவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பேரரசின் யதார்த்தவாதத்துக்குப் பதில் சொல்ல மதில்மேல் இருந்தவனுக்குக் குதிரை இல்லை, எகிப்து இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. உன் கணக்குக்கு அடங்காத ஒருவர் இருக்கிறார் என்று சொல்லத்தான் முடியும். நம்பிக்கை என்ற சொல் அங்கே ஒரு மறுப்பு. அதை அபின் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சனங்கள் அதைச் சொன்னார்களா? பிரதி சொல்வது இதுதான்: அவர்கள் பேசவில்லை, ஏனென்றால் பதில் சொல்லாதே என்று ராஜா உத்தரவு போட்டிருந்தான். அந்த மௌனத்தை ராஜபக்தி என்று படித்திருக்கிறார்கள். தன் மொழியிலேயே தன் சாவைப் பற்றி இரண்டு தரப்பும் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவனின் வாயடைப்பு என்றும் படிக்கலாம்.

ரப்சாக்கே லாகீசிலிருந்து வந்தான். கப்பச் செய்தி லாகீசுக்குப் போனது. சனகெரிப் லாகீசை விட்டுப் போனான். ராஜாக்கள் புத்தகத்தின் இந்தக் கதையில் லாகீஸ் மூன்று தடவை வருகிறது, மூன்று தடவையும் ஒரு முகவரியாக. அது விழுந்ததை நாம் சனகெரிப்பின் அரண்மனைச் சுவரிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். 1840களில் லேயார்ட் நினிவேயில் கண்ட அந்தப் புடைப்புச் சிற்பங்களில், சரிவுமேடை கட்டி இடிகருவியை ஏற்றுகிறார்கள். மதில்மேல் இருப்பவர்கள் தீப்பந்தங்களை வீச, இடிகருவிக்குள் இருக்கும் ஒரு சிப்பாய் நீளக் கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். மூன்று பேர் கழுவேற்றப்பட்டு நிற்கிறார்கள். மாட்டுவண்டி மூட்டைகளின்மேல் பெண்களும் குழந்தைகளும் போகிறார்கள். தோல் உரிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டேவிட் உசிஷ்கின் 1973 முதல் 1994 வரை அங்கே தோண்டினார். அசீரியர் கல் கொட்டிக் கட்டிய சரிவுமேடை கிடைத்தது. அதற்கு எதிரே மதிலுக்கு உள்பக்கம் ஊர்க்காரர்கள் அவசரமாகக் கொட்டிய எதிர்மேடும் கிடைத்தது. கடைசிவரை போராடியிருக்கிறார்கள். அவர்கள் என்ன செபம் பண்ணினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் பேசியிருக்கிறான். மீகா, மோரேசா ஊர்க்காரன். லாகீசுக்குப் பக்கம். மீகா 1இல் அவன் வெறுங்காலும் நிர்வாணமுமாகப் புலம்பிக்கொண்டு தன் சீமையின் ஊர்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு ஊர்ப் பேரையும் உடைத்து அதிலிருந்தே அதன் கேட்டை எடுக்கிறான்: அக்சீப் பொய்யாகிறது, தூசி என்று பேருள்ள ஊர் தூசியில் புரள்கிறது. ராஜாக்கள் புத்தகம் ஒரே வாக்கியத்தில் கடந்த பட்டணங்களில் சில இவை. பிடிபட்டுப்போன பிள்ளைகளுக்காகத் தலையை மொட்டையடித்துக்கொள் என்று முடிக்கிறான். அதோடு நிற்கவில்லை. வயல்களை அபகரிக்கிறவர்களையும், சீயோனை ரத்தத்தால் கட்டுகிறவர்களையும் திட்டிவிட்டு, காசுக்குத் தீர்ப்புச் சொல்லும் தலைவர்களின் வாயில் ஒரு வசனத்தை வைக்கிறான்: கடவுள் நம் நடுவே இருக்கிறார், நமக்குத் தீங்கு வராது. கிட்டத்தட்ட எசேக்கியா கதையின் உயிரான வசனம். அதே ராஜாவின் காலத்தில், அதே யுத்தத்தின் நிழலில், கிராமத்தான் ஒருவன் காதில் அது நிலப்பறிகாரனின் குரலாகக் கேட்டிருக்கிறது. சீயோன் வயலைப்போல உழப்படும் என்றான் மீகா. கடவுளை நம்பாதே என்று அவன் சொல்லவில்லை. உன் கடவுள் உன் மதிலின் காவல்காரன் இல்லை என்றான்.

எருசலேம் அப்போது உழப்படவில்லை. அதனால் மீகாவின் பேச்சு பொய்த்தது, ஏசாயாவின் பேச்சு பலித்தது. எசேக்கியாவின் மகன் மனாசே அசீரியாவுக்கு ஒழுங்காகக் கப்பம் கட்டி, வேதத்தின் கணக்கில் 55 வருஷம் ஆண்டான்; வேதத்துக்கு அவன்தான் மகா கெட்டவன். நகரம் விழாது என்பது ஒரு கோட்பாடாக இறுகியது. நூறு வருஷம் கழித்துப் பாபிலோன் வந்தபோது எரேமியா ஆலய வாசலில் நின்று, இது கர்த்தரின் ஆலயம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பொய்யை நம்பாதீர்கள் என்றான். அங்கேயும் அதே 'பாத்தாஹ்'. அனனியா என்ற தீர்க்கதரிசி அவனை எதிர்த்து, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் உடையும் என்றான். அனனியா பேசியதைத் தனியாக எடுத்துப் படித்தால் ஏசாயாவின் நல்ல மாணவன் என்றே சொல்லத்தோன்றும். ஆசான் சொன்னதை அட்சரம் பிசகாமல் வேறொரு நாளில் சொன்னான், கள்ளத் தீர்க்கதரிசி ஆனான். சிதேக்கியா ராஜாவும், முன்னே செய்ததுபோல் கடவுள் இப்போதும் ஏதாவது அற்புதம் செய்வாரா என்று எரேமியாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். எசேக்கியா கதையை அவனும் கேட்டு வளர்ந்திருப்பான்.

எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் நின்றபோது அவனைக் காப்பாற்றியது எது தெரியுமா? தேசத்து மூப்பர்கள் சிலர் எழுந்து, எசேக்கியாவின் நாளில் மோரேசா ஊர் மீகா சீயோன் உழப்படும் என்று சொன்னானே, அவனைக் கொன்றார்களா என்று கேட்டார்கள். எபிரேய வேதத்தில் ஒரு தீர்க்கதரிசியின் பேச்சை இன்னொருவனின் வழக்கில் இப்படிப் பேர் சொல்லி எடுத்துவைப்பது இந்த ஒரு இடத்தில்தான். பொய்த்துப்போன தீர்க்கதரிசனத்தை நூறு வருஷம் யார் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்? அரண்மனையாக இருக்க வாய்ப்பில்லை. அதே அதிகாரத்தில் உரியா என்ற இன்னொருவனின் கதையும் உண்டு. எரேமியா சொன்னதையே சொன்னான். எகிப்துக்கு ஓடினான். பிடித்துவந்து வெட்டிச் சாதாரண சனங்களின் கல்லறைக்குழியில் போட்டார்கள். அவனுக்காக மீகாவை எடுத்துச்சொல்ல யாரும் இல்லை.

எருசலேம் கி.மு. 587 அல்லது 586இல் விழுந்து எரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் லாகீஸ். 1935இல் ஸ்டார்க்கி அங்கே தோண்டியபோது வாயில்மாடத்தில் எழுத்துள்ள பானையோடுகள் கிடைத்தன, சின்ன அதிகாரி ஒருவன் தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றில், தலைநகரத்துப் பிரபுக்களின் பேச்சு சனங்களின் கையைத் தளரச்செய்கிறது என்று புகார். எரேமியாவின் மேல் பிரபுக்கள் சாட்டிய குற்றமும் அதே சொற்களில்தான் இருந்தது. இன்னொன்றில், நீங்கள் சொன்ன குறிகளின்படி லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவினுடையது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறான்.