கொள்ளிடத்துக்கு இந்தக் கரை

ஏலாக்குறிச்சி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது ராஜபிளவைக் கதையைத்தான். அரியலூர் பாளையக்காரர் மழவராயருக்குப் பிளவை வந்து வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு மண்ணைத் தோண்ட, ஊற்று கிளம்பியது. அந்தச் சேற்றை அள்ளிப் பூசினார், புண் ஆறியது. மழவராயர் மனம் குளிர்ந்து கோயிலுக்கு நிலத்தை மானியமாக விட்டார். ஊற்று இருந்த இடம்தான் இன்றைய மாதா குளம். நான் வளர்ந்த வீட்டில் யாரும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இல்லை. இருந்தும் பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அம்மா ஏலாக்குறிச்சிக்கு நேர்ந்துகொள்வாள். அதனால் இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

போன ஆடியில் தம்பி பாரிசிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பம். மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இங்கே வருவதற்கு முந்திய விடுமுறையில்தான் பிரான்சின் வடமேற்குக் கரையில் இருக்கும் மோன் சேன் மிஷேல் தீவு மடத்தைப் பார்த்திருந்தாள். பெரம்பலூரிலிருந்து வண்டி கிளம்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பெரியப்பா, நாம போற சர்ச்சும் தீவுலயா இருக்கு?"

தீவு இல்லை என்றேன். ஆனாலும் வழியில் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் வண்டியை நிறுத்தி, நத்தை மாதிரிச் சுருண்டு கிடக்கும் அம்மோனைட் கல்லைக் காட்டினேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர் கடலடியில் கிடந்த பூமி. எங்களைத் தாண்டித் தாண்டிப் போன சிமெண்டு லாரிகள் ஏற்றிப் போனதும் அந்தக் கடலைத்தான். கடல்வாழ் உயிர்களின் ஓடும் சுண்ணாம்பும் படிந்து இறுகியதுதான் இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல். குழந்தை அம்மோனைட்டை விட்டு நகர மறுத்தாள். மாதா கோயில் எங்கேயும் போய்விடாது என்று நானும் அவசரப்படுத்தவில்லை.

கீழப்பழுவூர், திருமானூர் வழியாகப் போனால் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடகரை. முதலில் ஆற்றைக் காட்டிவிடலாம் என்று திருமானூர்ப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். மேட்டூரில் உபரி நீர் திறக்காத ஆடி அது. அக்கரை வரைக்கும் மணலாகவே கிடந்தது, நடுவில் வாய்க்கால் அகலத்துக்கு ஒரு தண்ணீர். "இதுதான் கடலா?" என்று சிரித்தாள். அந்தக் கேலியில் ஒரு நியாயம் இருந்தது. மோன் சேன் மிஷேலைச் சுற்றியும் பாதி நேரம் மணல்தான். ஓதம் ஏறினால் தீவு, வற்றினால் மணல்வெளி. 708-ஆம் ஆண்டில் அவ்ராஞ்சு ஆயர் ஓபேர் அங்கே மிக்கேல் தூதருக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார் என்பது அந்த ஊர் மரபு. 966-இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்தார்கள். நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டும் அந்தப் பாறையைப் பிடிக்க முடியவில்லை. மதிலும் தண்ணீருமாகச் சேர்ந்து காத்தன.

ஏலாக்குறிச்சிக்கு மதில் இல்லை. அதைக் காத்தது இந்த ஆறு.

அன்றைய அரசியலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் மராட்டியர் ஆட்சி; அரியணையில் ஷாஜி. வடகரையில் அரியலூர் மழவராயர் பாளையம். பக்கத்திலேயே உடையார்பாளையம். இந்தப் பாளையக்காரர்கள் திருச்சியிலிருந்து ஆண்ட மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர்கள். தஞ்சாவூரின் கட்டளை இவர்களிடம் செல்லாது. 1701-இல் தஞ்சைச் சீமையில் கிறிஸ்தவர்கள்மேல் கடுமையான அடக்குமுறை தொடங்கியது. ஜெபக்கூடங்கள் இடிக்கப்பட்டன, உபதேசியார்கள் பிடிபட்டார்கள், பலர் நிலத்தையும் வீட்டையும் விட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் ஒரு பகுதியார் ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தார்கள். மழவராயர் அவர்களை விரட்டவில்லை. காடு திருத்த ஆள் வேண்டும், வரி கட்டக் குடி வேண்டும். எந்தப் பாளையக்காரனுக்கும் வந்தேறும் குடிகள் வருமானம்தான். தஞ்சாவூருக்கு எரிச்சல் மூட்டுவதும் கசப்பான காரியமாக இருந்திருக்காது. அவருடைய இரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரக்கமும் கணக்கும் ஒரே மனுசனிடம் இருக்கும்.

ஜேசு சபைக் குருக்களுக்கும் இந்தக் கரை தோதாக அமைந்தது. தஞ்சைச் சீமைக்குள் வெளிப்படையாக நடமாட முடியாத காலம். வடகரையில் தங்கிக்கொண்டு, சமயம் பார்த்து அக்கரைக்குப் போய் ஞானஸ்நானமும் பாவசங்கீர்த்தனமும் கொடுத்துத் திரும்பலாம். பிடிக்க ஆள் வந்தால் மணலைக் கடந்துவிட்டால் போதும், வேறு சீமை.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வந்தது இந்தச் சூழலில்தான். 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர், 1710-இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்துசேர்ந்தார். நமக்கு அவர் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அங்குள்ள மாதாவை அடைக்கல மாதா என்று பாடியவர் அவரே. திருக்காவலூர்க் கலம்பகம் இந்த ஊருக்காகவே எழுந்த நூல். 3,615 பாடல் கொண்ட தேம்பாவணி, 1730-இல் தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி எல்லாம் அவருடைய கொள்ளிடக்கரைக் காலத்தைச் சுற்றியே வந்தன. பாளையத்துக் காட்டு ஊரில், ஓலையும் எழுத்தாணியுமாக, பிறமொழிக்காரர் ஒருவர் தமிழுக்கு நால்வகை அகராதி தொகுத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான்.

ஊர்ப் பெயர்ப் பலகையைத் தம்பி மகள் எழுத்துக் கூட்டினாள். "எ... இல்லை, ஏ. கீழே கோடு இருக்கு." அந்தக் கோட்டைச் சேர்த்தவர் வீரமாமுனிவர் என்பார்கள் என்று சொன்னேன். முன்பு எகரத்தில் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் பலர் புள்ளியே வைப்பதில்லை. படிக்கிறவர் பாடு திண்டாட்டம். ஒற்றைக் கொம்பை இரட்டைச் சுழியாக்கி நெடிலைத் தனியே காட்டும் முறையை அவர் முன்வைத்தார். அச்சு பரவிய பிறகு அது நிலைத்தது. "அப்போ எனக்கு ஹோம்வொர்க்கை ஜாஸ்தி ஆக்கினது அவர்தான்" என்றாள்.

மாதா குளத்துப் படியில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தது. ஈரமண்ணை விரலால் வழித்து, சேலையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வலிக்கிற இடத்தில் மருந்து தடவுகிற பக்குவத்தோடு வட்டம் வட்டமாகப் பூசிக்கொண்டது. குழந்தை பக்கத்தில் போய்க் குந்தினாள். ஆயா அவள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, "எந்த ஊரு பாப்பா?" என்றது. "பாரிசு" என்றதும், "அது எந்தத் தாலுகா?" என்று கேட்டது. தம்பி மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிளவைக் கதையை ஆயாதான் குழந்தைக்கு முழுசாகச் சொன்னது, ராஜா எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்பது உள்பட.

முழுவதும் கேட்டுவிட்டுக் குழந்தை கேட்டாள்: "அடைக்கலம்னா ஒளிஞ்சுக்க இடம் குடுக்கிறதுன்னு அம்மா சொன்னாங்க. ராஜா ஒளியலையே. யாரு ஒளிஞ்சாங்க?"

ஆயாவிடம் பதில் இல்லை. குற்றமும் இல்லை, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதாவின் பெயரே அடைக்கலம். அந்தப் பெயருக்குக் காரணமானவர்கள் ஆற்றைக் கடந்து வந்த குடியானவர்களும் கூலிக்காரர்களும். கதையில் நிற்பவர்களோ ராஜாவும் சாமியாரும். வந்தவர்களில் பல சாதியினர் இருந்தார்கள். மதுரை மிஷன் சாதி வேறுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு நடந்த சபை; உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டார சாமியார் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். அடைக்கலம் புகுந்த இடத்திலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீரமாமுனிவரைப் பற்றியும் நமக்குக் கிடைத்தது ராஜா கதைதான். காவி அங்கி, குல்லா, புலித்தோல் விரித்த பல்லக்கு, மயில்விசிறிக்கு இருபுறமும் ஆள், பின்னால் திருச்சியைப் பிடித்த சந்தா சாகிபைப் பார்ப்பதற்கென்றே பாரசீகம் கற்றது, அவரிடம் திவானாக இருந்தது என்று நாம் படிக்கும் வர்ணனையெல்லாம் பெரும்பாலும் முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய சரித்திரத்திலிருந்து வருகிறது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை கேட்டுக்கொண்டதன் பேரில் தென்சீமையில் அலைந்து பெஸ்கியின் ஓலைகளைத் தேடித் திரட்டியவர் அவர். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பெஸ்கி இறந்து 75 ஆண்டு ஆன பிறகு, செவிவழிச் செய்தியையும் சேர்த்து எழுதியது அது. திவான் கதையைப் பின்னால் வந்த ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அது ஒட்டவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1736-இல் சந்தா சாகிப் திருச்சியைப் பிடித்தார், 1741-இல் மராட்டியர் அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். நாடு கலங்கிய அந்த நாட்களில் பெஸ்கி இந்தப் பக்கத்தை விட்டுத் தெற்கே போய், 1747 பிப்ரவரி 4 அன்று மலையாளக் கரையில் அம்பழக்காட்டில் காலமானார். 1751-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எங்கள் வாலிகண்டபுரத்தில் வந்து மோதினார்கள். ரஞ்சன்குடிக் கோட்டை அந்தச் சண்டையைப் பார்த்தது. 1765-இல் ஆர்க்காட்டு நவாபின் படை அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தது. 1773-இல் போப்பாண்டவரே ஜேசு சபையைக் கலைத்துவிட்டார். மீண்டும் எழுந்த சபை 1830-களின் கடைசியில் மதுரை மிஷனுக்குத் திரும்பியபோது வந்தவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். மோன் சேன் மிஷேல் மடம் அந்த ஆண்டுகளில் சிறைச்சாலையாக இருந்தது. புரட்சியில் துறவிகளை வெளியேற்றி, கைதிகளை அடைத்திருந்தார்கள். 1863-இல்தான் சிறையை மூடினார்கள். ஒருகாலத்தில் தண்ணீர் எதிரியை உள்ளே விடவில்லை, பிறகு அதே தண்ணீர் கைதியை வெளியே விடவில்லை. ஏலாக்குறிச்சிக்கு அந்தக் கதி வரவில்லை. பாளையம் போன பிறகும், குருக்கள் இல்லாத இடைக்காலத்திலும் கோயில் கோயிலாகவே இருந்தது. இன்று கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

அக்கரையிலிருந்து வந்தவர்களின் கதை இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஜேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில், போர்த்துக்கீசிலும் லத்தீனிலும் பிரெஞ்சிலும் கொஞ்சம் இருக்கிறது. அது குரு பார்த்த பார்வை. எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள், மாட்டை ஓட்டி வந்தார்களா விட்டு வந்தார்களா, முதல் வருசம் யார் நிலத்தில் உழுதார்கள் என்பதெல்லாம் அதில் வராது. திருமானூர், ஏலாக்குறிச்சி, காமரசவல்லி பக்கத்து வேதக்காரக் குடும்பங்களில் இந்தத் துணுக்குகள் இன்னும் இருக்க வேண்டும். குலதெய்வம் அக்கரையில் இருக்கிறது, பொண்ணு எடுப்பது இன்ன ஊரில்தான் என்கிற பேச்சில்கூட ஒரு தடயம் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பாட்டி ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள் என்றால், அடுத்த முறை ராஜபிளவைக் கதையைக் கேட்டு முடித்ததும், நம்ம ஆளுங்க எப்போது ஆற்றைத் தாண்டினார்கள் என்று கேளுங்கள். சொல்வதை ஊர்ப் பெயர்களோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.